பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்குச் சல்லடை?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைச் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. முன்னோர் விட்டுச்சென்ற ஒரு கேள்வியை எடுத்துப் பேசுவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நாங்கள் நினைக்கிறோம். எல்லோருக்கும் பொது என்று சொல்லப்படும் தேர்வு உண்மையிலேயே எல்லோருக்கும் பொதுவானதா? இதுதான் அந்தக் கேள்வி.

இதற்கு 130 வயதுக்கு மேல் ஆகிறது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை தீர்மானம் நிறைவேற்றியது. காங்கிரசின் நெடுநாள் கோரிக்கை அது. இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்தார். 3412 பேரின் கையெழுத்தோடு நாடாளுமன்றத்துக்கு மனு போனது. தேர்வு இங்கே வந்தால் ஏற்கெனவே படித்த சாதிகளே பதவிகளை நிரப்பும், அந்த அதிகாரம் சேரியின் மேல்தான் வந்து இறங்கும் என்பது அவருடைய கவலை. வெள்ளையருக்கு வசதியான நிலைப்பாடு அல்லவா இது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கேட்கட்டும். லண்டனில் நடந்தாலும் நம் பிள்ளை அந்தத் தேர்வை எழுதப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே விடாத சமூகத்தில் தேர்வு அறையின் கதவை மட்டும் திறந்துவைத்து, அதற்குச் சமவாய்ப்பு என்று பெயர் வைக்காதீர்கள் என்பதே அந்த மனுவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் கேட்டவற்றுள் ஒன்று நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1920களில் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளின் தொடர்ச்சிதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். இந்த வரலாறு முழுவதிலும் நம் முன்னோர் கேட்டது பள்ளிக்கூடம். கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1986 கல்விக் கொள்கையோடு பரவிய நவோதயா பள்ளிகள் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு பள்ளி, பள்ளிக்கு 80 இடம். தமிழ்நாட்டில் அவை வராததற்கு மும்மொழிப் பிரச்சினை காரணம். அந்த விவாதத்தில் இந்தியைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்த 80க்கு வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பற்றி நாம் பேசவில்லை. 1962 முதல் உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் சைனிக் பள்ளி இருக்கிறது. அதன் ஆறாம் வகுப்புத் தேர்வில் 125 கேள்விகள், 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். பாதி மதிப்பெண் கணக்குக்கு. தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. தமிழிலும் எழுதலாம்.

2019இல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தபோது நாம் எல்லோரும் எதிர்த்தோம். 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்கிறது. ஆனால் அதே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நுழைவுத்தேர்வுக்கு நாமே தயார் செய்கிறோம். அடி அண்ணாமலையில் நாங்களும் அதைத்தான் செய்தோம்.

அங்கே எங்கள் மாலைப் பள்ளிக்கு 23 பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஊர் இருப்பது கிரிவலப் பாதையில். பௌர்ணமி இரவில் பாதி வீடுகள் கடை போடும். பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் விற்பார்கள், பூ கட்டுவார்கள். மறுநாள் மாலை கண் சொருகிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். தீபத்து வாரத்தில் ஒருவரும் வர மாட்டார்கள். சில பிள்ளைகளின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். பாட்டிதான் வீட்டில்.

சைனிக் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவானதும், எல்லோரையும் தயார்செய்ய ஆள் இல்லை என்று நாங்களே ஒரு சின்னத் தேர்வு வைத்து ஆறு பேரைப் பிரித்தோம். எண் தொடர், கண்ணாடிப் பிம்பம், மடித்து வெட்டிய காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வி. விடைத்தாளில் வட்டத்தை நிரப்பப் பழகவே இரண்டு வாரம் ஆனது. அந்த ஆறு பேரில் ஒரு பெண் பிள்ளைக்கு இடம் கிடைத்தது. ஊரே கொண்டாடியது. நாங்களும் கொண்டாடினோம்.

ஆறு பேரில் சேராத ஒரு பையன் அதற்குள் வருவதை நிறுத்தியிருந்தான். கேட்கப் போனபோது அவனுடைய பாட்டி, "அவனுக்குத்தான் படிப்பு வராதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே சார்" என்றார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் பட்டியல் சொல்லியிருந்தது. சேரிக்கு வெளியே இருந்து வந்த சல்லடையை நாங்களே கையில் பிடித்துச் சலித்திருக்கிறோம். ஆறு பேரையும் மற்றவர்களையும் பிரித்தது மூளை அல்ல என்பது பெயர்களை மறுபடி பார்த்தபோது புரிந்தது. அந்த ஆறு பேரில் ஐவருக்கு அப்பாவோ அம்மாவோ இரவில் வீட்டில் இருந்தார்கள்.

1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே குழந்தைகளின் அறிவை அளக்க ஒரு சோதனையை உருவாக்கியபோது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பதே நோக்கம். கைகொடுக்க உண்டான கருவி, கழித்துக்கட்டும் கருவியாக மாறிய கதை உலகம் முழுக்க நடந்திருக்கிறது. எங்கள் மாலைப் பள்ளியிலும் நடந்தது.

மறு ஆண்டு முறையை மாற்றினோம். எண் தொடரும் காகித மடிப்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் ஆயின. விளையாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்தால் எல்லோருமே போடுகிறார்கள். எழுத விரும்புகிறவர் எழுதட்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நாங்கள் கூட வருவோம். எழுதாதவருக்கும் இடம் கிடைக்காதவருக்கும் மறுநாள் மாலை அதே பாய், அதே பாடம். அந்தப் பையன் திரும்பி வர நான்கு மாதம் ஆனது.

இருக்கிற வாசலை நம் பிள்ளைகள் விட்டுவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த 15 சதவீதம் போராடிப் பெற்றது. ஒரு இடம்கூடக் காலியாகப் போகக்கூடாது. ஆனால் ஒரு பிள்ளை உள்ளே போனதைக் காட்டி, மற்ற 22 பேருக்கான பள்ளிக்கூடத்தை அரசு மறந்துவிட நாம் அனுமதிக்கக்கூடாது. சைனிக் பள்ளியில் இருக்கும் நூலகமும் ஆய்வகமும் மைதானமும் போதிய ஆசிரியர்களும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் ஏன் இல்லை என்று கேட்க வேண்டும்.

மாலைப் பள்ளி நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்களிடம் படித்து எத்தனை பேர் தேர்வானார்கள் என்று எழுதிவைக்கும் நோட்டிலேயே, எத்தனை பேர் வருவதை நிறுத்தினார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். முதல் கணக்கைக் கேட்க நிறையப் பேர் வருவார்கள். இரண்டாவது கணக்கை நாம்தான் கேட்க வேண்டும்.

ஜெய் பீம்.