மறதி நோய் கூடிவிட்டதா, கணக்கு மாறியதா?



"சார், அந்தக் காலத்துல இவ்வளவு பேருக்கு மறதி நோய் இருந்துச்சா?" என்று பழைய மாணவர்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கே ஐம்பது வயது ஆகிறது. வீட்டில் எண்பது வயது அம்மா. ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.

நம் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 921. வாரிய உறுப்பினருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும் என்கிறது. அப்போதும் எழுபதைக் கடந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் முதியோர் பெருகியது மிக அண்மையில்தான். 1951-இல் இந்தியா முழுவதும் அறுபது கடந்தவர்கள் சுமார் 2 கோடி. 2011-இல் 10 கோடிக்கு மேல். வயது ஏற ஏற அதிகமாக வரும் நோய் இது. ஆகவே நோயாளிகளின் எண்ணிக்கை கூடியதற்கு முதல் காரணம், நம் மக்கள் நெடுநாள் வாழ்வதுதான்.

இரண்டாவது காரணம், எண்ணும் முறை. 1906-இல் ஜெர்மனி மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் இந்நோயை விவரித்தபோது, அவர் பார்த்த பெண்ணுக்கு நோய் தொடங்கிய வயது ஐம்பதை ஒட்டியே இருந்தது. முதியவர்களின் மறதியை வயோதிகத்தின் இயல்பு என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் ஒதுக்கிவைத்தது. "வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்று நம் வீடுகளிலும் அதோடு விட்டோம்.

அப்போது நம் ஒருங்கிணைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருப்போரூர்ப் பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. 1997-இல் வெளியான அதன் முடிவு: அறுபது கடந்தவர்களில் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு மறதி நோய். பின்பு வேலூர் கிராமங்களில் 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக்குழு 65 வயது கடந்தவர்களைப் பரிசோதித்தது. 2008-இல் வந்த முடிவு வியப்பானது. மேலைநாட்டு மருத்துவ அளவுகோலின்படி நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. படிக்காதவர்களுக்கும் பொருந்தும்படி அக்குழுவே வகுத்த அளவுகோலின்படி நூற்றுக்குப் பத்துப் பேர்!

அதே ஊர், அதே மனிதர்கள். ஏன் இந்த வேறுபாடு? முதல் அளவுகோலுக்கு, "இவரால் அன்றாட வேலைகளைச் செய்ய முடியவில்லை" என்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சமையலை மருமகள் பார்க்கிறாள், வரவுசெலவை மகன் பார்க்கிறான். பாட்டி எதை மறந்தாள் என்று எப்படித் தெரியும்? நம் கூட்டுக் குடும்பம் நோயாளியைத் தாங்கியது, நோயையும் மறைத்தது. ஆகவே பழைய கணக்கில் இல்லாததால் நோயே இல்லை என்று சொல்ல முடியாது.

2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி, அறுபது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர். இதைத் திருப்போரூர்க் கணக்கோடு வைத்து "இரட்டிப்பாகிவிட்டது" என்று சொல்லக் கூடாது, அளவுகோல் வேறு. ஆனால் உள்ளே இருக்கும் விவரத்தைப் பாருங்கள். நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. ஆண்களில் 5.8, பெண்களில் 9. படிப்பு குறைந்தவர்களிடம் நோய் அதிகம்.

ஓர் ஆசிரியனாக என்னை நிறுத்திய இடம் இதுதான். 1951-இல் இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் கைநாட்டு வைத்த நம் ஊர்த் தாய்மார்கள் அந்தத் தலைமுறைதான். தம்பி பள்ளிக்குப் போக, அக்கா ஆடு மேய்க்கப் போனாள். அந்தக் கடனை எழுபது வயதில் அவள் மூளை கட்டுகிறது. படிப்பு மட்டுமே காரணம் இல்லை. ஆனால் பெரிய காரணங்களில் ஒன்று.

இது மாறக்கூடியதா? மாறும். இங்கிலாந்தில் ஒரே முறையில் இரண்டு முறை எண்ணினார்கள். 65 கடந்தவர்களில் நோயுற்றோர் பங்கு இருபது ஆண்டுகளில் 8.3-இலிருந்து 6.5 ஆகக் குறைந்தது. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரிலும் புதிதாக நோய் வருவது பத்தாண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களிடம் மட்டும்!

காமராஜர் காலத்தில் ஊர்தோறும் பள்ளி வந்தது, 1956-இல் மதிய உணவும் வந்தது. பசிக்காகவும் படிப்புக்காகவும் செய்த அந்த வேலை, முதுமைக்கும் சேர்த்த சேமிப்பு. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்தச் சேமிப்பைக் கரைக்கும்.

உங்களுக்கு என் வீட்டுப்பாடம் இது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர், சுகர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். காது மந்தமானால் கருவி வையுங்கள். காது கேளாமையும் இந்நோய்க்கு ஒரு காரணம். பெரியவர்களிடம் தினமும் பேசுங்கள். அம்மா ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால் அதட்டாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வகுப்பில் ஒரே கணக்கை உங்களுக்குப் பத்து முறை சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். பத்து முறை பதில் சொல்வது பெரிய காரியமில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
உத்திரமேரூர்.