பினாங்கு பாக்கி 32 வெள்ளி

பி.காம். படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்குன்னு கேட்கப் போறவங்களுக்கு முதலிலேயே சொல்லிடறேன், இதுவும் கணக்கு சம்பந்தப்பட்டதுதான் :)

என் தாத்தா, நாகூர்க்காரர் ஒருவர் பினாங்கில் நடத்திய மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். முதலாளி முஸ்லிம், தாத்தா திருவாரூர் பக்கத்து இந்து. போன லீவில் பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் சொந்த நோட்டு ஒன்று கிடைத்தது. கடைக் கணக்கு இல்லை, அவருடைய பற்று வரவு. மீன் கொடுத்த மலாய்க்காரர், கைமாத்து கொடுத்த பஞ்சாபி வாட்ச்மேன், சட்டை தைத்த சீனர் என்று ஒரே பக்கத்தில் ஊர் உலகமே இருந்தது.

இது எப்படி சாத்தியம் என்று தேட ஆரம்பித்தேன்.

பினாங்கு ஒரு தீவு. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் அங்கே ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை ஆரம்பித்தார். சீனர், மலாய்க்காரர், தமிழர், அரபிகள், ஆர்மீனியர் என்று பல பேர் வந்து குடியேறினார்கள். நம்ம சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகளை 'சூலியா' என்பார்கள். அங்கே சூலியா தெருவே இருக்கிறது. அந்தத் தெரு முனையில் நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்கா கட்டினார்கள். நாகூரில் இருக்கும் 131 அடி பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அதாவது மதம் பார்க்காமல் நேர்த்திக்கடன் செலுத்தும் பழக்கம் நம்ம ஆட்கள் ஊரிலிருந்தே கப்பலேற்றிக் கொண்டு போன சரக்கு.

ஆனால் ஃபர்னிவால் என்று ஒருவர் இருக்கிறார். பர்மாவில் அதிகாரியாக இருந்து பிறகு ஆராய்ச்சியாளர் ஆனவர். இந்த மாதிரி காலனி ஊர்களில் பல இனத்தார் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று சேர்வதில்லை, சந்திப்பதெல்லாம் சந்தையில் மட்டும்தான் என்று 1948-ல் வந்த புத்தகத்தில் வாதிட்டார். இன்றைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டும் கருத்து.

காமர்ஸ் மாணவனாக எனக்கு இந்த 'மட்டும்' என்ற வார்த்தைதான் உறுத்துகிறது. சந்தை என்றால் அவ்வளவு லேசா? கடன் கொடுப்பவன் வாங்குபவனின் வீடு, பிள்ளை, உடம்பு, குணம் எல்லாம் தெரிந்துதானே கொடுக்கிறான்? மலாய் மொழியில் கடைக்கு 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்', மூலதனத்துக்கு 'மோடால்'. கடைசியாகச் சொன்னது நம்ம 'முதல்'தான்! ஆனால் மாப்பிள்ளை கூட 'மெம்பெலாய்' ஆகியிருக்கிறாரே, அது எந்தச் சந்தையில் விற்றது? தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளை அங்கே எல்லா இனத்தாரும் 'மாமாக்' கடை என்கிறார்கள். நம்ம 'மாமா'தான் அது. சோறு போட்டவரை மாமா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே கடைக்குப் பெயராகிவிட்டது. தைப்பூசத்துக்குச் சீனர்கள் தேர் வரும் வழியில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைப்பதை யூடியூபிலேயே பார்க்கலாம்.

சண்டை இல்லையா என்றால், இருந்தது. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் பத்து நாள் பெரிய கலவரம். ஆனால் அது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே நடந்த சண்டை இல்லை. ஒரு சீனச் சங்கமும் முஸ்லிம்களின் வெள்ளைக் கொடிக் கூட்டமும் ஒரு பக்கம். இன்னொரு சீனச் சங்கமும் சிவப்புக் கொடிக் கூட்டமும் எதிர்ப்பக்கம். அடிதடியில்கூட கூட்டணி கலந்துதான் இருந்திருக்கிறது!

கலவரம் பிரிக்காததைக் காகிதம் பிரித்தது என்பது என் கருத்து. 1957-ல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது குடியுரிமை வாங்காமல் இருந்தவர்கள் நிறைய. என்றைக்காவது ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என்ற நினைப்பு. 1968-ல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும். 1969 மே மாதம் கோலாலம்பூரில் இனக்கலவரம். அதற்குப் பிறகு பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான பேர் கிளம்பினார்கள். தாத்தாவும் அதில் ஒருவர். 1970-ல் 'ரஜூலா' கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார்.

கிளம்பின அவசரத்தில் அந்தச் சீனத் தையற்காரருக்குத் தர வேண்டிய 32 வெள்ளி பாக்கி நின்றுவிட்டது. (டாலரை அங்கே நம்ம ஜனங்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) "கேட்டா 'அப்புறம் குடு'ன்னு சிரிப்பாரு தம்பி. கடைசி நாள் எனக்கு ரெண்டு சட்டை சும்மாவே தச்சுக் குடுத்தாரு"ன்னு தாத்தா என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். மொழி? பாதி மலாய், பாதி கை ஜாடையாம்.

மூன்று கடிதம் போட்டாராம், பதில் இல்லை. ரஜூலா 1973-ல் ஓய்வு பெற்றது. அடுத்து ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது.

இப்போது நோட்டு விஷயம். தாத்தா ஒவ்வொரு சித்திரைக்கும் புதுக்கணக்கு எழுதுவார். பால் பாக்கி, உரக்கடை பாக்கிக்கு மேலே, முதல் வரியாக, "பினாங்கு தவுக்கே, 32 வெள்ளி" என்று எழுதியிருக்கிறார். கடையில் உட்கார்ந்திருக்கும் சீனரை அங்கே 'தவுக்கே' என்பார்கள். 1971-லிருந்து ஒரு வருஷம் விடாமல் இருக்கிறது. நாற்பத்தைந்து வருஷம். கடைசியாக எழுதியது 2015 சித்திரை, கை நடுங்கின எழுத்து.