ஜெயக்குமார், டி.

அ.தி.மு.க. அரசியல்வாதி, தமிழ்நாடு சட்டப்பேரவையின் முன்னாள் தலைவர், முன்னாள் அமைச்சர். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம் தொகுதியில் 1991, 2001, 2006, 2011, 2016 ஆகிய தேர்தல்களில் வென்றார்.

முதல் வெற்றியிலேயே அமைச்சரானார். 1996 இல் ஆட்சிக்கு எதிராக வீசிய அலையில் தொகுதி தி.மு.க.வுக்குப் போனது. 2001 இல் மீண்டும் அமைச்சர்.

2011 மே மாதம் பேரவைத் தலைவரானவர், 2012 செப்டம்பரில் அப்பதவியிலிருந்து விலகினார். சொந்தக் காரணங்கள் என்றே சொல்லப்பட்டது. கட்சித் தலைமையின் அதிருப்தி என்று எழுதியவர்களும் உண்டு. துணைத் தலைவராக இருந்த ப. தனபால் அடுத்துத் தலைவரானார்.

இவரது பொதுவாழ்வில் விரிவாகப் பதிவானவை 2016க்குப் பிந்தைய ஐந்தாண்டுகள். மீன்வளத் துறை இவரிடம் இருந்தபோது, 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர் கரையில் படிந்தது. கடலோரக் காவல் படையினரோடு குப்பத்து ஆட்களும் தன்னார்வலர்களும் வாளியால் அதை அள்ளினார்கள். வடசென்னைக் கரையில் மீன் விற்பனை படுத்தது. அடுத்த மாதம் நிதித் துறையும் இவரிடம் வந்தது. ஜெயலலிதா மறைவுக்குப் பின் வந்த முதல் நிதிநிலை அறிக்கையை மார்ச் 16 அன்று படித்தார். ஆகஸ்டில் நிதி ஓ. பன்னீர்செல்வத்திடம் திரும்பியது. கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளானதும் அவ்வாண்டே. நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி மீனவர்களைக் கொண்டுபோனது. காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் மீனவர் அமைப்புகளின் கணக்கும் நெடுநாள் ஒத்துவரவில்லை. அக்காலத்தில் அரசின் தரப்பை அன்றாடம் செய்தியாளர்களிடம் சொன்னவர் பெரும்பாலும் இவரே. வடசென்னைப் பேச்சு வாடை மாறாமல் பதில் சொல்வார், எம்.ஜி.ஆர். பாட்டொன்றை நடுவே எடுத்துவிடுவார், சுருதியும் ஓரளவு சேரும்.

2021 இல் தி.மு.க.வின் ஐட்ரீம் மூர்த்தியிடம் தோற்றார். 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நாளன்று ராயபுரத்தில் நடந்த தகராறு தொடர்பாகக் கைதானார். பழிவாங்கல் என்றது அவரது கட்சி. மார்ச்சில் பிணையில் வந்தார்.

மகன் ஜெ. ஜெயவர்தன் 2014 இல் தென்சென்னை மக்களவை உறுப்பினரானார். 2019, 2024 தேர்தல்களில் அதே தொகுதியில் தோல்வியடைந்தார்.