பலியும் கடனும்: கிறித்தவ ஒப்புரவுக் கோட்பாட்டின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மனிதன் இறைவனோடு கொண்டிருந்த உறவு பாவத்தினால் முறிந்தது. கிறிஸ்துவின் சிலுவைப் பலி அம்முறிவை நீக்கி அவனை மீண்டும் இறைவனோடு ஒப்புரவாக்கியது என்பது கிறித்தவத்தின் மைய நம்பிக்கையாகும். ஆயினும், ஒருவர் இறந்தமையால் மற்றையோர் எவ்வாறு மீட்கப்படுகின்றனர் என்னும் வினாவுக்கு அச்சமய வரலாற்றில் ஒரே விடை கூறப்படவில்லை. நைசியா (325), கல்சிதோன் (451) ஆகிய சங்கங்கள் கிறிஸ்து யார் என்பதை நுணுகி வரையறுத்தன. அவரது மரணம் எவ்வாறு பயன் தருகின்றது என்பது அவ்வாறு வரையறுக்கப்படாமலே விடப்பட்டது. அந்த இடைவெளியை ஒவ்வொரு காலமும் தான் அறிந்த சமூக உறவுகளைக் கொண்டே நிரப்பிற்று. சிறப்பாக, கடன்பட்டோனுக்கும் கடன் கொடுத்தோனுக்கும் உள்ள உறவு இக்கோட்பாட்டினுள் மீண்டும் மீண்டும் புகுந்துள்ளது. அவ்வாறு புகுந்த முறையினையும் அதன் விளைவுகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் குறிக்கோளாகும்.

1

லேவியராகமத்தின் 16 ஆம் அதிகாரம் யூதரின் பாவநிவிர்த்தி நாட் சடங்கினை விரிவாகக் கூறுகின்றது. ஆண்டுக்கொரு முறை தலைமைக் குரு மகா பரிசுத்த தலத்தினுட் புகுவார். இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுள் ஒன்று இறைவனுக்குப் பலியிடப்படும். மற்றதன் தலையிற் கைகளை வைத்து மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதனைப் பாலைநிலத்துக்கு அனுப்பிவிடுவர். இச்சடங்கு பற்றிப் பலர் எழுதியுள்ளனர். ஆனால் அதே நூலின் 25 ஆம் அதிகாரம் தரும் செய்தி இதனோடு சேர்த்து நோக்கப்படுவது குறைவு. ஐம்பதாவது ஆண்டாகிய யூபிலி ஆண்டை அறிவிக்கும் எக்காளம் இப்பாவநிவிர்த்தி நாளிலேயே ஊதப்படவேண்டும் என்பது அங்குக் கூறப்படும் விதி. அவ்வாண்டில், விற்கப்பட்ட நிலம் உரிய குடும்பத்துக்கு மீளும். வறுமையினால் தம்மை விற்றுக்கொண்ட இஸ்ரவேலர் விடுதலை பெறுவர்.

பிற இனத்து அடிமைகளுக்கு இவ்விடுதலை இல்லை என்பதையும் அவ்வதிகாரமே கூறுகின்றது. எனவே இதனை முழுமையான சமத்துவச் சட்டமெனக் கொள்ளல் பொருந்தாது. ஆயினும், இறைவனோடு ஒப்புரவாகும் நாளும் நிலமிழந்தோர் தம் நிலத்துக்கு மீளும் நாளும் ஒன்றாகவே வைக்கப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. பலியும் கடனும் இங்கு இணைகின்றன. ஆனால் பலி கடனைத் தீர்க்கும் விலையன்று. பலியிடப்படும் நாள் கடன் நீங்கும் நாளாகவும் அமைகின்றது, அவ்வளவே.

கி.பி. 70 இல் உரோமப் படைகள் எருசலேம் தேவாலயத்தை அழித்தன. பலியிடுவதற்குரிய இடமே இல்லாது போயிற்று. யூத மரபு இந்நெருக்கடிக்கு ஒரு விடை கண்டது. இரக்கச் செயல்களே இனிப் பலிக்கு ஈடாகும் என யோகனான் பென் சக்காய் தம் மாணவருக்கு ஆறுதல் கூறியதாக அம்மரபு சொல்லும். கிறித்தவர் கண்ட விடை வேறு. பவுலின் கடிதங்கள் கி.பி. 50களிலேயே கிறிஸ்துவின் மரணத்தைப் பலியின் மொழியிற் பேசியிருந்தன. எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் கிறிஸ்துவையே குருவாகவும் பலியாகவும் காட்டி, ஒரே முறை நிகழ்ந்த அப்பலியுடன் எல்லாப் பலிகளும் முடிவுற்றன என்றது.

2

கிரேக்க, உரோம உலகம் அடிமை உழைப்பின் மீது நின்றது. அங்கு ‘மீட்பு’ என்னும் சொல் முதற்கண் ஒரு சந்தைச் சொல்லாகும். போரிற் சிறைப்பட்டோரையும் அடிமைகளையும் விலை கொடுத்து விடுவித்தலையே அது குறித்தது. மாற்கு சுவிசேஷம் இச்சொல்லை ஆண்டபோது அதனைக் கேட்டோர் மனத்தில் எழுந்த காட்சி எதுவென ஊகித்தல் அரிதன்று. சிலுவையும் அவ்வுலகில் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனைக் கருவியே. கபுவாவிற் தொடங்கிய ஸ்பார்ட்டகசின் எழுச்சி கி.மு. 71 இல் ஒடுக்கப்பட்டபோது, கபுவாவிலிருந்து உரோம் வரையான நெடுஞ்சாலையில் 6000 பேர் சிலுவையிலறையப்பட்டனர் என அப்பியன் எழுதியுள்ளார்.

விலை கொடுக்கப்பட்டதெனின், அது யாருக்குக் கொடுக்கப்பட்டது? மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிஜன், சாத்தானுக்கே கொடுக்கப்பட்டது என்னும் பொருள்பட விடை கூறினார். நான்காம் நூற்றாண்டில் நீசா நகர்க் கிரகரி இதனை மேலும் விரித்து, மனித உடல் என்னும் இரையினுள் மறைந்திருந்த தெய்விகமாகிய தூண்டிலிற் சாத்தான் அகப்பட்டான் என்றார். இன்று இது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் இதன் உள்ளுறை அடிமைத்தளையின் உடைவேயாகும். இதே கிரகரி, கடவுளின் சாயலான மனிதனுக்கு விலை குறிக்க வல்லார் யார் எனக் கேட்டு அடிமைமுறையைக் கண்டித்துப் பிரசங்கித்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

3

இக்கோட்பாட்டின் வரலாற்றிற் பெரும் திருப்பத்தை ஏற்படுத்தியவர் அன்செல்ம் (1033–1109). இத்தாலிய அல்ப்ஸ் பகுதியிலுள்ள ஒஸ்தாவிற் பிறந்து, நோர்மண்டியின் பெக் மடத்தில் துறவியாகவும் தலைவராகவும் விளங்கி, 1093 இல் கன்ரபரிப் பேராயரானவர் இவர். நோர்மன் வெற்றி நிகழ்ந்து அப்பொழுது 27 ஆண்டுகளே கழிந்திருந்தன. மன்னன் இரண்டாம் வில்லியம் திருச்சபையையும் ஒரு மானியக்காரனாகவே நடத்தினான். 1094 இல் மன்னனின் படையெடுப்புச் செலவுக்காக அன்செல்ம் 500 பவுண் வழங்க முன்வந்தார். தொகை போதாதென மன்னன் மறுத்தான். அப்பணம் ஏழைகளுக்குப் பகிரப்பட்டது என அவரது வரலாற்றை எழுதிய எட்மர் கூறுகிறார். முரண்பாடு முற்றி, 1097 இல் அன்செல்ம் நாட்டை விட்டு நீங்கினார். ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்னும் அவரது நூல் 1098 இல், இத்தாலியில், கபுவாவுக்கு அண்மையிலுள்ள மலைக்கிராமமொன்றில் நிறைவுற்றது.

தம் மாணவரான போசோவுடன் உரையாடும் வடிவில் அன்செல்ம் இந்நூலை அமைத்தார். அவர் முதலிற் செய்தது சாத்தானின் உரிமையை மறுத்ததாகும். கள்வனாகிய அவனுக்கு மனிதன் மீது எவ்வுரிமையும் இல்லை. ஆகவே அவனுக்கு விலை கொடுக்கவேண்டியதுமில்லை. இது பழைய கோட்பாட்டை அறிவின் துணைகொண்டு தகர்த்த துணிவான செயலாகும். ஆனால் வெறுமையான கடன் கொடுத்தோனின் ஆசனத்தில் இப்போது இறைவனே அமர்த்தப்பட்டார். பாவம் என்பது இறைவனுக்குச் செலுத்தவேண்டியதைச் செலுத்தாமை. அதனால் அவரது மாண்பு பறிக்கப்படுகின்றது. பறித்ததைத் திருப்பிக் கொடுத்தல் மட்டும் போதாது. இழைத்த அவமதிப்புக்கு ஈடாக மேலதிகமாகவும் கொடுத்தல் வேண்டும். கடன் மனிதனுடையது, தீர்க்கும் ஆற்றலோ இறைவனுக்கே உண்டு. ஆதலின் இறைவனும் மனிதனுமான ஒருவரே அதனைத் தீர்த்தல் கூடும். பாவமற்ற அவர் மரணத்துக்குக் கடன்பட்டவரல்லர். எனவே தாமாக உவந்தளித்த உயிர் அளவிறந்த ஈடாயிற்று.

இவ்வாதத்தின் பின்னணியில் நிலமானிய சமுதாயத்தைக் காணாதிருத்தல் இயலாது. ஆங்கிலோ-சக்சன் சட்டத்தின்படி, கொலைக்குரிய ஈட்டுத்தொகை கொல்லப்பட்டவரின் தரத்தைப் பொறுத்தது. வெசெக்ஸ் நாட்டில் சாதாரண குடியானவனுக்கு 200 சில்லிங். உயர்குடியினனுக்கு 1200 சில்லிங். குற்றத்தின் அளவு இழைக்கப்பட்டோனின் தகுதியைக் கொண்டு கணிக்கப்படுமாயின், அளவிறந்த தகுதியுடைய இறைவனுக்கு இழைத்த குற்றம் அளவிறந்ததாதல் இயல்பே. ‘மாண்பு’ எனப் பொருள்படும் சொல்லே நோர்மன் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் நிலத்தொகுதி முழுவதையும் குறித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனினும், இது பொருளாதார அமைப்பின் எளிய நிழல் என்று கூறி அமைதல் போதாது. ஆர்.டபிள்யூ. சதேண் தமது 1963 ஆம் ஆண்டு நூலில் அன்செல்மின் மொழி நிலமானியத்துக்குரியதாயினும், அவர் கருதிய மாண்பு பிரபஞ்சத்தின் ஒழுங்கே என வாதிட்டார். இறைவனின் மாண்பு தன்னளவிற் கூடவோ குறையவோ மாட்டாதென அன்செல்மே எழுதியுள்ளார். ஆனால் பிரபஞ்ச ஒழுங்கினை ஒரு பிரபுவின் உரிமையாகவே உருவகிக்க முடிந்தது என்பதிலேயே கருத்துநிலையின் ஆற்றல் தெரிகின்றது. அக்காலத்தின் மிக நுட்பமான அறிவு, தான் எதிர்த்து நின்ற மன்னனின் உலகிலிருந்தே தன் சொற்களைப் பெற்றது. அந்நூல் நிறைவுற்ற இடத்துக்கு அண்மையிலிருந்து சென்ற சாலையில் முன்பொரு காலம் அடிமைகள் சிலுவையிற் தொங்கினர். மாண்பின் மொழியிற் சிலுவையின் இந்தப் பொருள் முற்றிலும் மறைந்துவிட்டது.

4

இதற்கு எதிர்ப்பு விரைவிலேயே எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீற்றர் அபிலார்ட், உரோமர் நிருபத்துக்கு எழுதிய உரையில், குற்றமற்றவரின் இரத்தத்தை ஒருவர் விலையாகக் கேட்பதும் அதனால் மகிழ்வதும் கொடுமையன்றோ என வினவினார். அவர் கருத்தில், சிலுவை மனிதருள் அன்பைத் தூண்டி அவர்களைப் பயத்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிப்பது. கிளேர்வோ பேர்னாட் இதனைக் கடுமையாகத் தாக்கினார், அபிலார்ட் கண்டனத்துக்குள்ளானார்.

ஈட்டுக் கோட்பாட்டின் நடைமுறை விளைவு பின்னரே முழுமையாகத் தெரியவந்தது. கிறிஸ்துவின் பலியால் எய்திய மிகுதியான புண்ணியம் ஒரு திருப்பொக்கிஷமாகத் திருச்சபையின் வசமுள்ளது என்பதை 1343 இல் ஆறாம் கிளெமெந்து ஆணை மூலம் உறுதிசெய்தார். பொக்கிஷம் உளதாயின் அதனைப் பங்கிடுவோரும் உளர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைன்ஸ் பேராயர் அல்பிறெக்ற், தம் பதவிக்காக உரோமுக்குச் செலுத்தவேண்டிய பணத்தைப் பூகர் வணிகக் குடும்பத்திடம் கடனாகப் பெற்றார். பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டுகளின் விற்பனையிற் கிடைத்ததில் அரைப்பங்கு அக்கடனுக்குச் சென்றது. மற்றப் பங்கு புனித பேதுரு ஆலயக் கட்டடத்துக்கு என்றாயிற்று. ஆன்மாவின் கடனைத் தீர்ப்பதாக எண்ணி ஏழைகள் கொடுத்த காசு ஒரு பேராயரின் வட்டிக் கடனைத் தீர்த்தது. 1517 இல் லூதர் எழுப்பிய எதிர்ப்பின் சமூகப் பின்புலம் இதுவாகும்.

சீர்திருத்தம் வணிகத்தைக் கண்டித்ததேயன்றிக் கணக்கைக் கைவிடவில்லை. அன்செல்ம் ‘ஈடு அல்லது தண்டனை’ என இரண்டையும் வேறுபடுத்தியிருந்தார். ஈடு செய்யப்பட்டமையால் தண்டனை தவிர்க்கப்பட்டது. சட்டம் பயின்றவரான கல்வினோ மனிதருக்குரிய தண்டனையையே கிறிஸ்து ஏற்றார் என்றார். 1617 இல் சட்ட அறிஞர் குரோசியஸ், இறைவனைக் கடன் கொடுத்தோனாகவன்றிச் சட்டத்தைக் காக்கும் ஆட்சியாளராகக் கருதவேண்டுமென எழுதினார். பிரபுவின் இடத்தை நீதிமன்றமும், பின் அரசும் பெற்றுக்கொண்டன.

5

மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கற்பித்த மன்றாட்டு ‘கடன்’ என்னும் சொல்லையே ஆள்கின்றது. ஆனால் அங்குக் கடன் தீர்க்கப்படுவதில்லை, மன்னிக்கப்படுகின்றது. அதுவும் ஒருவர் மற்றவரின் கடனை மன்னிப்பதோடு இணைத்தே கேட்கப்படுகின்றது. ஈட்டுக் கோட்பாடு இறைவனுக்கும் மனிதனுக்குமிடையிலான கணக்கைச் செம்மை செய்தது; மனிதனுக்கும் மனிதனுக்குமிடையிலான கணக்கை அது தொடவில்லை. பாவநிவிர்த்தி நாளையும் யூபிலியையும் அது பிரித்துவிட்டது எனலாம். துன்புறுவோரிடம், உங்கள் துன்பமும் ஒரு பலியே, பொறுத்திருங்கள் எனக் கூறுவதற்கு இப்பிரிவு வழிவகுத்தது.

இப்பிரிவை நீக்கும் முயற்சிகளும் நிகழாமலில்லை. 1971 இல் பெரு நாட்டின் குஸ்தாவோ குத்தியெரஸ் விடுதலை இறையியலைப் பற்றி எழுதிய நூல், மீட்பினையும் வரலாற்று விடுதலையையும் வெவ்வேறாகக் காண மறுத்தது. வறிய நாடுகளின் கடனை நீக்கக் கோரிய இயக்கம் ‘யூபிலி 2000’ என்னும் பெயரை லேவியராகமத்திலிருந்தே பெற்றது. 1998 மே மாதத்தில் பர்மிங்ஹாமிற் கூடிய வல்லரசுத் தலைவர்களைச் சூழ ஏறத்தாழ 70,000 பேர் மனிதச் சங்கிலி அமைத்தனர்.

தமிழ் விவிலியம் இக்கோட்பாட்டைக் குறிக்க ‘ஒப்புரவு’ என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டது. திருக்குறளில் ஒப்புரவறிதல் என்பது தன்னிடமுள்ளதை ஊர்ப் பொதுவாக்கிப் பயன்படச் செய்யும் உலகநடை; அங்குக் கைம்மாறு எதிர்பார்க்கப்படுவதில்லை. இச்சொல்லை ஆண்ட மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணினரோ அல்லரோ, அச்சொல்லினுள் ஒரு திறனாய்வு உறைகின்றது. கைம்மாறு கேட்கும் ஈட்டை ஒப்புரவு என்றல் தமிழில் முரணாகும். இறைவனோடு ஒப்புரவு என்பது ஊரோடு ஒப்புரவின்றி நிறைவுறுமா என்பதே சிலுவையின் வரலாறு இன்றும் விடுக்கும் வினாவாகும்.