பருத்திமாரும் மேட்டுப்பாத்தியும்



சுள்ளி, மரக்கிளை, சருகு எல்லாவற்றையும் அடியில் அடுக்கி, மேலே மண் போட்டுக் காய்கறி வைக்கும் மேட்டுப்பாத்திக் காணொளி ஒன்று நம் குழுவில் சுற்றி வருகிறது. ஜெர்மன்காரர்கள் முறையாம், பெயர் 'ஹூகல்குல்டூர்'. இருக்கட்டும். நம் கரிசல் காட்டுக்கு அதைவிட நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு.

1893-இல் வோல்கர் என்ற ஆங்கில வேளாண் வேதியியலர் இந்திய விவசாயம் பற்றி அறிக்கை கொடுத்தார். விறகு கிடைக்காததால்தான் சாணம் அடுப்புக்குப் போகிறது, விறகுக்கென்று மரம் வளர்த்தால் சாணம் வயலுக்குத் திரும்பும் என்றார். சீமைக்கருவேலம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1877 வாக்கில் சென்னை மாகாணத்துக் கடப்பா மாவட்டத்தில், கமலாபுரத்தில் நட்டார்கள். காமராஜர் கொண்டுவந்த மரம் என்று இன்றும் சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: அவர் பிறந்தது 1903-இல்!

அடுத்து வந்தவர் ஆல்பர்ட் ஹோவார்டு. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நடத்தினார். அங்கேயும் கரிசல் மண், அங்கேயும் பருத்தி. பருத்திமார் லேசில் மக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அதைப் பண்ணைப் பாதையில் பரப்பிப் போட்டார். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி நசுக்கிவிட்டன, செலவே இல்லை! பிறகு சாணம், மாட்டுமூத்திரம் ஊறிய மண், சாம்பல் சேர்த்துக் கிளறி மக்க வைத்தார். மூன்று மாதத்தில் உரம். யஷ்வந்த் வாட் என்ற நம் நாட்டவரோடு சேர்ந்து 1931-இல் இதை நூலாகவும் எழுதினார்.

சாணமும் மூத்திரமும் எதற்கு? கட்டை மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகிவிடும். காணொளிக்காரர் இதைச் சொல்லவே இல்லை.

நம் பக்கம் பருத்திமார் அடுப்பில்தான் எரிந்தது. குறை சொல்ல முடியாது, சோறு வேக வேண்டுமே. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலம் கரிமூட்டமாகி எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது. இன்று வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு. பருத்திமாரைக் காட்டிலேயே கொளுத்துகிறார்கள். வோல்கர் கேட்ட விறகு மிஞ்சிக் கிடக்கிறது, சாணத்துக்கு மாடுதான் இல்லை.

சீமைக்கருவேலக் கிளையைப் போடலாமா என்று சிவகாசியிலிருந்து கேட்ட மாணவிக்கு: தாராளமாகப் போடு அம்மா. ஆனால் நெற்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்தும் முளைக்கிற விதை அது. கிளை நன்றாகக் காயட்டும், முள்ளைக் கழித்துவிடு. ஆட்டுப்புழுக்கை கிடைத்தால் நிறையக் கலந்து, மேலே ஒரு முழம் மண் போடு. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டால் கட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். முதல் வருடம் கத்தரி வேண்டாம், தட்டைப்பயறு போடு.