மேலே பூங்கா... கீழே 2 ஆயிரம் கார்! சிகாகோவின் 'டி.ஐ.எப்.' வரியால் லாபம் யாருக்கு?

அமெரிக்காவின் சிகாகோ நகருக்குப் போறவங்க தவறாம பார்க்கிற இடம் மில்லேனியம் பூங்கா. 1893-ம் ஆண்டு சர்வமத மாநாட்டில் விவேகானந்தர் பேசிய கட்டிடம் பக்கத்துலதான் இருக்கு. மும்பையில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர் செஞ்ச, கண்ணாடி மாதிரி பளபளக்கும் 'பீன்' சிற்பமும் இங்கேதான்.

புல்வெளிக்குக் கீழே 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை நிறுத்தும் பொது பார்க்கிங் இருக்கு. முன்பு ரெயில் தண்டவாளம் கிடந்த இடம் இது. இதை மாத்துறதுக்கான பணத்தில் ஒரு பங்கு வந்தது 'டி.ஐ.எப்.' என்ற வரித் திட்டத்தில் இருந்து.

அது என்ன டி.ஐ.எப்.?

சுலபமா சொல்லலாம். ஒரு கடைவீதி பாழடைஞ்சு கிடக்கு. அங்கே வருஷத்துக்கு 100 ரூபாய் சொத்து வரி வசூலாகுதுன்னு வைங்க. பள்ளிக்கூடம், நூலகம், பூங்காவுக்கு எல்லாம் இந்த 100 ரூபாயில் இருந்துதான் பங்கு.

டி.ஐ.எப். அறிவிச்சதும் அந்த 100 ரூபாய் அப்படியே நிறுத்தி வைக்கப்படும். ரோடு, பார்க்கிங் வந்து, கடைகள் பெருகி, வரி 160 ரூபாயா ஏறினாலும் பள்ளிக்கூடத்துக்கு பழைய 100-ல்தான் பங்கு. கூடுதலா வந்த 60 ரூபாய் தனி நிதிக்குப் போயிடும். நாளைக்கு வரப்போகும் அந்த வரியைக் காட்டி இன்னைக்கே கடன் வாங்கி வேலையைத் தொடங்கலாம்.

கலிபோர்னியா மாநிலம் 1952-ல் இதைக் கொண்டு வந்தது. சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1977-ல் சட்டமாச்சு. அங்கே ஒரு டி.ஐ.எப். பகுதிக்கு வழக்கமான காலம் 23 ஆண்டுகள். நகர மையத்தில் 1984-ல் தொடங்கிய டி.ஐ.எப்., 2008 வரை நீடித்தது.

15 கோடி, 49 கோடி ஆனது!

மேயர் ரிச்சர்ட் எம். டேலி காலத்தில் பூங்கா வேலை தொடங்கியபோது போட்ட கணக்கு 15 கோடி டாலர். 4 ஆண்டு தாமதமாக 2004-ல் திறந்தபோது செலவு சுமார் 49 கோடி டாலர். நன்கொடையாளர்கள் கொடுத்தது போக, நகரத்தின் பங்கு சுமார் 27 கோடி. இதில் 17.5 கோடி, பார்க்கிங் வசூலை நம்பி வாங்கிய கடன். டி.ஐ.எப். பணம் 9.5 கோடி.

பார்க்கிங் வசூல் எதிர்பார்த்தபடி வரலை. 2006-ல் இதையும் சேர்த்து 4 பார்க்கிங்குகளை 99 ஆண்டு குத்தகைக்கு விட்டு, நகரம் 56.3 கோடி டாலர் வாங்கியது. அதில் ஒரு பகுதி பழைய கடனை அடைக்கவே போனது.

பிறகு பக்கத்துக் கட்டிடம் ஒன்றில் பொது பார்க்கிங்குக்கு நகரம் அனுமதி கொடுத்தது. இது ஒப்பந்தத்தை மீறிய செயல்னு குத்தகைக்காரர் வழக்குப் போட்டார். 5 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2013-ல் தீர்ப்பு வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு என்ன ஆச்சு?

2013-ல் சிகாகோவில் சுமார் 50 அரசுப் பள்ளிகள் மூடப்பட்டன. மாணவர் எண்ணிக்கை குறைவு, பணப் பற்றாக்குறைன்னு காரணம் சொன்னாங்க. "டி.ஐ.எப். நிதியில் பணம் இருக்கே" என்பது ஆசிரியர் சங்கத்தின் வாதம். இப்போ மிச்சப் பணத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் பள்ளிகளுக்குத் திரும்பி வருது.

இந்தத் திட்டமே இல்லைன்னா அந்த வீதி முன்னேறாது என்றால் டி.ஐ.எப். லாபம்தான். தானாகவே முன்னேறி இருக்கும் என்றால், பள்ளிக்கு வர வேண்டிய காசுதான் பார்க்கிங்குக்குப் போகுது. அப்புறம் மத்த வீட்டுக்காரங்களுக்கு வரியை ஏத்தணும், இல்லைன்னா பள்ளிச் செலவைக் குறைக்கணும்.

இதே பிரச்சினையால் கலிபோர்னியா 2012-ல் பழைய முறையை நடத்திய அமைப்புகளையே கலைச்சுடுச்சு. மில்லேனியம் பூங்கா பார்க்கிங் குத்தகை முடிவது 2105-ம் ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.