ஆள் இல்லாத மூன்று மாதம்

திண்டுக்கல்காரர்களிடம் பனி என்று சொன்னால் அவர்கள் நினைவுக்கு வருவது வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாகப் பெய்வது அல்ல. ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் சமவெளியில் மார்கழி விடியலில் மலைக்கோட்டைப் பாறையே கண்ணுக்குத் தெரியாதபடி மூடி நிற்குமே, அதுதான் எங்களுக்குப் பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி. துளைக்கும் என்று பயமுறுத்தினாலும் எட்டரை மணி வெயிலுக்கு அது தாங்காது. ஆளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிற பனியைக் கதைகளில் படித்ததோடு சரி.

அப்படிப்பட்ட பனி பெய்கிற ஒரு ஊரின் பெயரை இந்தச் சமவெளியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. புரூக்ளின். எங்கள் அப்பத்தா அதை 'புருக்ளி' என்பாள். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் காட்டில் கூலி வேலை பார்த்தவள். மதுரையைத் தாண்டிப் போனதில்லை. "புருக்ளில படுத்திருந்தாரு, அங்கிட்டு ஒரே பனியாம்ல" என்று பக்கத்துத் தெருவில் நடந்ததைப் போலச் சொல்வாள்.

படுத்திருந்தவர் எம்.ஜி.ஆர்.

இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு எம்.ஜி.ஆர். என்றால் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மீம்களில் ஒரு முகம். "ஒரு சினிமாக்காரருக்கு ஓட்டுப் போட்டு ஏமாந்த ஜனங்கள்" என்ற வரி எல்லோர் கையிலும் தயாராக இருக்கிறது. அந்த வரி சரியா என்று பார்க்க வேண்டுமென்றால் திண்டுக்கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் ஓட்டு விழுந்தது இங்கேதான்.

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., அதே மாதம் 17-ஆம் தேதி அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். ரசிகர் மன்றம் கட்சியாகுமா, கைதட்டல் ஓட்டாகுமா என்று எல்லோரும் கேட்டார்கள். ஏழே மாதத்தில் பதில் கிடைத்தது. திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர் இறந்துபோனதால் 1973 மே 20 அன்று இடைத்தேர்தல் நடந்தது. அ.தி.மு.க. வேட்பாளர் வழக்கறிஞர் கே.மாயத்தேவர். சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து அவர் எடுத்ததுதான் இரட்டை இலை. பிற்பாடு தமிழ்நாட்டையே பல முறை ஆண்ட அந்தச் சின்னம் முதலில் வரையப்பட்டது எங்கள் ஊர்ச் சுவர்களில்.

வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு, மே 11 அன்று, 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. ஜப்பான், ஹாங்காங், தாய்லாந்து என்று எடுக்கப்பட்ட படம். ஒசாகாவில் 1970-இல் நடந்த உலகக் கண்காட்சி அதில் வருகிறது. மே மாத வெயிலில் டூரிங் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து பழகிய சமவெளிக்காரனை அந்த ஆள் கூட்டிக்கொண்டுபோய் உலகம் காட்டினார். தேர்தலில் மாயத்தேவர் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். காமராஜரின் பழைய காங்கிரஸ் இரண்டாமிடம். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாமிடம்.

படம் பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள் என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் அதே ஊர்க் கொட்டகைகளில் அதே காலத்தில் இன்னொரு பெரிய நடிகரின் படங்களும் நன்றாகத்தான் ஓடின. நடிப்பென்று பார்த்தால் அவரைத்தான் பெரியவர் என்பார்கள். அவர் 1989-இல் தேர்தலில் நின்றபோது சொந்தத் தொகுதியாக நினைத்த இடத்திலேயே தோற்றார். ஆகவே திரை மட்டும் காரணமாக இருக்க முடியாது. எம்.ஜி.ஆரை விரும்பியவர்கள் அவருடைய நடிப்பைச் சொல்லி நான் கேட்டதேயில்லை. "நல்ல மனுசன்" என்பார்கள். "போனா சாப்பிட்டியான்னுதேன் மொதல்ல கேப்பாராம்." இந்த 'ராம்' முக்கியம். சொன்னவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்தவர்கள் இல்லை. கேள்விப்பட்டது இன்னொருவர் வாய்க்குப் போய், அங்கிருந்து அடுத்த ஊருக்குப் போகும்.

அந்தப் பேச்சுக்கு அடியில் உண்மையும் இருந்தது. இலங்கையில் கண்டிக்குப் பக்கத்து நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, குடும்பம் கும்பகோணத்துக்கு வந்து வறுமையில் விழுந்தது. பள்ளிக்கூடம் பாதியில் நின்று நாடகக் கம்பெனிக்குப் போனதற்குக் காரணமே சோறுதான். பிற்காலத்தில் சென்னையில் மழையில் நனைந்துகொண்டு வண்டி இழுத்த ரிக்‌ஷாக்காரர்களுக்கு அவர் மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தது ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி. விளம்பரம் என்றார்கள் எதிராளிகள். இருக்கலாம். நனைந்தவனுக்குக் கோட்டும் உண்மை, மழையும் உண்மை.

ஆனால் மழைக்கோட்டில் ஒரு குறை உண்டு. கொடுப்பவர் பார்த்தால்தான் கோட்டு. அவர் அந்த வழியாக வரவில்லை என்றால் நனைய வேண்டியதுதான். நல்ல மனசு என்பது ஒரு ஆளோடு சேர்ந்து நடக்கிற பொருள். ஆள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்துவிடும். வள்ளல் என்ற சொல்லை நாம் இரண்டாயிரம் வருடமாகக் கொண்டாடிவருகிறோம். வள்ளல் ஊரில் இல்லாத நாளில் பாணன் என்ன சாப்பிட்டான் என்று அவ்வளவாகக் கேட்டதில்லை.

1982 ஜூலை 1 அன்று, திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1950-களில் காமராஜர் போட்டுவைத்த மதிய உணவுப் பாதை ஏற்கெனவே இருந்தது. அதை இவர் பல மடங்கு அகலமாக்கினார். முதலில் கிராமங்களில் இரண்டிலிருந்து ஒன்பது வயது வரை. சில மாதத்தில் நகரங்களுக்கும் வந்தது. 1984 செப்டம்பரில் பதினைந்து வயது வரை நீட்டினார்கள். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி பலமாக எழுந்தது. சமையல் வேலைக்கு விதவைகளும் ஆதரவற்ற பெண்களும் முன்னுரிமையோடு எடுக்கப்பட்டார்கள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் ஓரத்தில் ஓடு வேய்ந்த ஒரு சமையற்கட்டும், அதிலிருந்து பதினோரு மணிக்குக் கிளம்பும் புகையும் வந்துசேர்ந்தன.

வயது வரம்பை நீட்டிய அடுத்த மாதமே, அக்டோபர் 5 அன்று, எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் தாக்கியது. அவரை வந்து பார்த்துவிட்டுப் போன இந்திரா காந்தி அந்த மாதக் கடைசியிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். நவம்பர் 5 அன்று எம்.ஜி.ஆரைத் தனி விமானத்தில் நியூயார்க் கொண்டுபோனார்கள். புரூக்ளினில் டவுன்ஸ்டேட் மருத்துவமனை. டிசம்பர் 19 அன்று சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை. சிறுநீரகம் தந்தவர் அவர் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அது கடுமையான குளிர்காலம். 1985 ஜனவரியில் அதிபர் ரீகனின் பதவியேற்பு விழாவையே குளிர் தாங்காமல் கட்டடத்துக்குள் மாற்றினார்கள்.

இங்கே தமிழ்நாட்டில் கோயில், மசூதி, சர்ச் என்று வித்தியாசமில்லாமல் வேண்டுதல் நடந்தது. 'ஒளி விளக்கு' படத்தில் அவர் உயிர்பிழைக்க வேண்டி ஒரு பெண் பாடும் பாட்டைக் கொட்டகைகளில் போட்டார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். சிலர் தங்கள் உடம்பை வருத்திக்கொண்டார்கள். உயிரையே விட்டவர்களும் உண்டு. அன்பு என்று சொல்லி அதைக் கடந்துபோக முடியாது. எந்த மனிதருடைய நல்ல மனசும் இன்னொருவரின் உயிரைக் கேட்கிற அளவுக்கு வளரக் கூடாது.

டிசம்பர் 24 அன்று சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல். மார்கழிப் பனியில் வரிசை நின்றது. ஆண்டிபட்டித் தொகுதி வேட்பாளர் பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் படுத்திருந்தார். மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதும் பேப்பர் பார்ப்பதுமாக எடுத்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டார்கள். வீட்டுக்கு வீடு டி.வி. வராத காலம். டெக்கு என்றாலே திருவிழா. திரையில் சண்டை போட்டுப் பார்த்த ஆளை, ஒரு ஸ்பூன் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்காகச் சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பிரச்சாரத்துக்கு ஒரு நாள்கூட வராமல் அவர் ஜெயித்தார். அ.தி.மு.க.வுக்கு 132 இடங்கள்.

சினிமா மயக்கம், அனுதாப அலை என்று இதற்கு விளக்கங்கள் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. அப்பத்தாவிடம் நான் ஒருமுறை கேட்டேன், "ஆளே ஊர்ல இல்ல, பேச்சும் வரல, திரும்பி வருவாரான்னும் தெரியாது. எதை நம்பி ஓட்டுப் போட்ட அப்பத்தா?"

"ஆளு வந்தாத்தேன் ஓட்டாடா? சோறு வந்துக்கிட்டுத்தேன இருந்துச்சு."

இந்தப் பதிலை நான் எந்த அரசியல் ஆய்விலும் படிக்கவில்லை. நவம்பர் 5 முதல் பிப்ரவரி 4 வரை, சரியாக மூன்று மாதம் அவர் நாட்டிலேயே இல்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் பன்னிரண்டரை மணிக்குத் தட்டு வைக்கும்போது புரூக்ளினில் நடுராத்திரி கடந்து இரண்டு மணி. கொடுத்தவர் குளிர்நாட்டுக் கட்டிலில் நினைவு மங்கியும் தெளிந்தும் கிடந்தார். இங்கே உலை கொதித்தது. அமைப்பாளர் கணக்கெழுதினார், ஆயா பருப்பைக் கிண்டினார், பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தார்கள். மழைக்கோட்டுக்கும் சத்துணவுக்கும் வித்தியாசம் இதுதான். ஒரு நல்ல மனிதரின் குணம் அவரை விட்டுப் பிரிந்து, அரசாணையாகி, ரேஷன் அரிசி மூட்டையாகி, அவர் கண் மூடியிருந்தபோதும் தன் பாட்டுக்கு நடந்தது. சமவெளிச் சனங்கள் அந்த மூன்று மாதமும் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் இது புகழ்மாலையாகிவிடும். திரையில் குடிக்காத, சிகரெட் தொடாத அதே மனிதரின் ஆட்சியில்தான் 1981-இல் சாராயக் கடைகளும் கள்ளுக் கடைகளும் மறுபடி திறந்தன. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. பிள்ளைக்கு மதியச் சோறு போட்ட அரசாங்கம் சாயங்காலம் அப்பனின் கூலியை வாங்கிக்கொண்டது. உரிமை கேட்ட விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வடாற்காடு, தர்மபுரிப் பக்கம் நக்சலைட் இளைஞர்கள் 'என்கவுன்ட்டர்' என்ற பெயரில் கொல்லப்பட்டார்கள். எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு 'பிம்பச் சிறை' என்று தமிழில் வந்த புத்தகம் இந்தக் கணக்கை ஈவிரக்கமில்லாமல் போடுகிறது. ஏழைகளிடம் வரியாக வாங்கியது அதிகம், அவர்களுக்குத் திருப்பித் தந்தது குறைவு, இருந்தும் அவர்கள் அவரை நேசித்தார்கள், எப்படி? இதுதான் பாண்டியனின் கேள்வி. அதைப் படிக்காமல் எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கட்சி.

ஆனாலும் நேசித்தவர்களைச் சிறைப்பட்டவர்கள் என்று மட்டும் பார்த்தால் அப்பத்தாவின் பதிலுக்கு இடமில்லாமல் போகிறது. அவளுக்குச் சாராயக் கடையும் தெரியும். தாத்தா அங்கேதான் முடிந்துபோனார். "அதையும் இந்தாளுதேன் தொறந்தாரு" என்று அதே வாயால் சொல்வாள். இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தாள். ஒன்றுக்கு ஒன்றைக் கழித்துவிடவில்லை.

1985 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், மதுரையிலிருந்து பிரித்துத் திண்டுக்கல்லைத் தனி மாவட்டமாக்கினார். முதல் ஓட்டுக்கு அவர் திருப்பித் தந்ததாக ஊரில் சிலர் சொல்வார்கள். 1987 டிசம்பர் 24 விடிவதற்குள் இறந்துபோனார். மூன்று வருடத்துக்கு முன்பு, ஆள் இல்லாமலே ஓட்டு வாங்கிய அதே தேதி. அன்றைக்குப் பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, ரேடியோவில் சோக வாத்தியம் மட்டும். வெயில் வந்து பனி விலகிய பிறகும் யாரும் வெளியே வரவில்லை என்பாள் அப்பத்தா. அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து, நேரில் பார்த்திராத ஒருவரைப் பற்றி, சொந்தக்காரர் செத்த வீட்டில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்களாம். மறுநாள் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

அவருக்குப் பிறகு வந்தவர்களில் அவருடைய எதிரிகளும் உண்டு. யாரும் அந்தச் சமையற்கட்டை மூடவில்லை. 1989-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2022-இல் ஸ்டாலின் அரசு காலை உணவையும் தொடங்கியது. ஒருவரின் தர்மமாகத் தொடங்கியதை இன்று எந்தக் கட்சிக்காரரும் தர்மம் என்று சொல்லி நிறுத்திவிட முடியாது. நிறுத்தினால் தாய்மார்கள் தெருவுக்கு வருவார்கள்.

இப்போது அந்தச் சமையற்கட்டுகளில் அவர் படம் இருக்கும், இல்லாமலும் இருக்கும். தட்டோடு வரிசையில் உட்காரும் பிள்ளைகளில் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. யாருக்கும் நன்றி சொல்லாமல், யாரையும் கும்பிடாமல், "ஆயா, இன்னுங் கொஞ்சம்" என்று கேட்கிறார்கள்.